மூன்றடிச் சுவர்

அவளைப் பற்றி எழுதும்போது பெயர் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். என் பெயரும் வேண்டாம். அவள் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்லூரியில் ஆசிரியை, நான் ராஜபாளையத்தில் இன்னொரு கல்லூரியில் ஆசிரியை, இரண்டு பேருக்கும் நடுவில் அரைமணி நேர பஸ் பயணம். இவ்வளவு தெரிந்தால் போதும். இரண்டு பேருமே எங்கள் கல்லூரிகளில் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர்கள். எண்பதுகளில் அந்தப் பொறுப்பை யாரும் ஆசைப்பட்டு வாங்க மாட்டார்கள். சனியும் ஞாயிறும் போய்விடும், வெயிலில் நிற்க வேண்டும், மாணவிகளுக்குக் காய்ச்சல் வந்தால் அவர்கள் அப்பாவிடம் நாம்தான் பேச வேண்டும். எங்கள் கல்லூரியில் யார் புதிதோ அவர் தலையில் கட்டுவார்கள். அப்படித்தான் என் தலையில் கட்டினார்கள். கட்டிய பிறகு எனக்கு அது பிடித்துப்போனது வேறு விஷயம்.

வருஷம் முழுவதும் செய்கிற வழக்கமான பணிகளுக்கு எல்லாக் கல்லூரிக்கும் கொஞ்சம் நிதி வரும். கோயில் வாசலைக் கூட்டலாம், மரக்கன்று வைக்கலாம், கண் பரிசோதனை முகாம் நடத்தலாம். ஆனால் ஐம்பது மாணவிகளைக் கூட்டிக்கொண்டு ஒரு கிராமத்தில் பத்து நாள் தங்கி வேலை செய்கிற சிறப்பு முகாமுக்கு மட்டும் தனியாக விண்ணப்பம் போட வேண்டும். எங்கள் பக்கத்துக் கல்லூரிகளில் வருஷத்துக்கு ஒன்றுக்குத்தான் கிடைக்கும். தொடர்ந்து மூன்று வருஷம் அது அவளுக்கே கிடைத்தது.

முதல் வருஷம் நான் ஒன்றும் நினைக்கவில்லை. இரண்டாம் வருஷம் வாழ்த்துச் சொன்னேன். மூன்றாம் வருஷம் வயிறு எரிந்தது. அதை நயமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை, எரிந்தது என்றால் எரிந்தது. பல்கலைக்கழகத்தில் நடந்த கூட்டத்தில் அவள் விண்ணப்பத்தை மாதிரி என்று சொல்லி வாசித்தார்கள். "இப்படி எழுத வேண்டும்" என்றார் ஒருங்கிணைப்பாளர். எல்லோரும் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். என் பேனாவில் மை இருந்தது, ஆனால் இல்லாததுபோல உதறிக்கொண்டே இருந்தேன்.

அவளிடம் குறை சொல்லவும் ஒன்றும் கிடைக்காது. அதுதான் பெரிய தொல்லை. கஞ்சி போட்ட சுங்குடிச் சேலை, ஒரு மடிப்புக் கலையாமல் மதுரை வரை வருவாள். கூட்டத்துக்குப் போகும் பஸ்ஸில் நான் ராஜபாளையத்திலேயே ஏறி ஜன்னலோரம் பிடித்திருப்பேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் ஏறி, எத்தனை இடம் காலியாக இருந்தாலும், நேராக என் பக்கத்தில் வந்து உட்காருவாள். "அக்கா, சாப்பிட்டீங்களா?" என்பாள். எனக்கும் அவளுக்கும் ஒன்றரை வயதுதான் வித்தியாசம். அந்த அக்காவைக் கேட்டாலே எனக்குப் பத்து வயது கூடின மாதிரி இருக்கும்.

என் விண்ணப்பங்கள் ஏன் திரும்பி வந்தன என்று இப்போது எனக்கு நன்றாகவே தெரியும். படிவத்தில் ஒரு கட்டம் இருக்கும்: கிராமத்தின் தேவை என்ன, கிராமத்தார் சொன்னபடி. அந்தக் கட்டத்தை நான் ஆசிரியர் அறையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து நிரப்புவேன். ஒரு வருஷம் சாலை. அடுத்த வருஷம் இணைப்புச் சாலை. அதற்கடுத்த வருஷம் சாலையோர மரங்கள். எங்கள் முதல்வர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். என்னைப் பார்க்கும்போதெல்லாம், "ஏமம்மா, இந்த வருஷமாவது முகாம் உண்டா, இல்ல கோயில் வாசல்தானா?" என்று கேட்பார். கேலிதான், ஆனால் அடுத்த வருஷம் பொறுப்பை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார் என்பது அந்தக் கேலிக்குள்ளேயே இருந்தது. ஒரு முகாமாவது நடத்தாமல் அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

நான்காம் வருஷம் விண்ணப்பத்தை நன்றாக டைப் அடித்தாவது அனுப்புவோம் என்று ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனேன். கோர்ட்டு அங்கேதான். கோர்ட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் டைப்ரைட்டர் வைத்துக்கொண்டு நாலைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். மனு அடித்து அடித்துப் பழகிய கைகள், ஒரு எழுத்துத் தப்பாது. அவர்களில் மூத்தவரிடம்தான் அவளும் அடிக்கக் கொடுப்பாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். ராசியான கை என்று நினைத்துக்கொண்டு நானும் அவரிடமே போனேன்.

அவர் அடித்துக் கொடுத்தார். மூன்று பிரதி. வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். உட்கார்ந்து, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்தபோது, தாள்களுக்கு நடுவில் ஒரு கார்பன் தாள் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. என்னுடையது அல்ல. என் விண்ணப்பத்தை அவர் பழைய கார்பனில் அடித்தார். நைந்து, ஓட்டை ஓட்டையாக இருந்தது அது. இது புத்தம்புதுத் தாள், ஒரே ஒரு தரம் அடித்தது. அவள்தான் கார்பனைக் கையோடு கொண்டுவந்து கொடுப்பாள் என்று டைப் அடிக்கிறவர் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். புதுக் கார்பனில் ஒரு தரம் அடித்தால் எழுத்து விழுந்த இடமெல்லாம் மை போய் வெளிச்சம் தெரியும். ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன்.

இரண்டாம் பக்கம். அவளுடைய விண்ணப்பத்தின் இரண்டாம் பக்கம்.

பார்க்கக்கூடாது என்று தெரியும். பார்த்தேன். தேவதானம் பக்கத்து ஒரு கிராமத்தின் பெயர் இருந்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தேவதானம் ராஜபாளையத்துக்குத் தெற்கே இருக்கிறது. அதாவது அவள் என் ஊரைத் தாண்டி, என் வீட்டு வாசல் வழியாக பஸ்ஸில் போய், என் பக்கத்துக் கிராமத்தில் முகாம் நடத்தப்போகிறாள். வத்திராயிருப்பு, பிளவக்கல் என்று அவள் பக்கத்தில் கிராமமா இல்லை? மூன்று வருஷம் வாங்கினது போதாதா? மில் சங்கு ஊதுகிற சத்தம் கேட்டு நான் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்ததை உணரும்வரை அந்தத் தாளை நான் கீழே வைக்கவில்லை. கிராமத்துக் குளம், மேற்குக் கரை, சுவர், நீளம் நாற்பது அடி. உயரம் எழுதியிருந்த இடத்தில் தாள் மடிந்து மை உதிர்ந்திருந்தது.

அந்தச் சுவர் எதற்கு என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எனக்குத்தான் அப்போது தெரியாது, வாசிக்கிறவர்களாவது தெரிந்துகொள்ளட்டும். அந்த ஊர்ப் பெண்கள் குளிக்கிற படித்துறை மேற்குக் கரையில் இருந்தது. கரையை ஒட்டியே பஸ் போகிற ரோடு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடை. ஒருத்தி குளிக்க நாலு பேர் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். தலைக்கு மேல் ஒரு சுவர் எழுப்பினால் போதும் என்று அவர்கள் கேட்டிருந்தார்கள். அது முதல் பக்கத்தில் இருந்தது. என் கையில் இருந்தது இரண்டாம் பக்கம்.

குளக்கரையில் சுவர் என்றதும் எனக்குக் கைப்பிடிச் சுவர்தான் தோன்றியது. ஆடுமாடும் பிள்ளைகளும் தவறி விழாமல் இருக்கக் கட்டுகிற சுவர். மூன்றடி போதும். அவள் ஒன்றும் பெரிதாக யோசித்துவிடவில்லை, இது எனக்கும் தோன்றியிருக்கக்கூடியதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டைப் அடித்த விண்ணப்பத்தை அன்றைக்கே கிழித்துப் போட்டேன்.

ஒரு கிராமத்தில் முகாம் நடத்த வேண்டுமானால் அந்தப் பஞ்சாயத்துத் தலைவர் சம்மதக் கடிதம் தர வேண்டும். ஒரு கிராமத்துக்கு ஒரு கல்லூரிக்குத்தான் தருவார். இரண்டு கல்லூரி ஒரே கிராமத்தைக் கேட்டால் இரண்டையும் தள்ளிவிடுவார்கள். அவள் வாங்கிவிட்டாளா என்று தெரியாது. மறுநாள் காலையிலேயே விடுப்புப் போட்டுவிட்டு தேவதானம் பஸ் பிடித்தேன்.

தலைவர் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். முதுகு வளையாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மகளுக்குப் பேறுகாலம் பார்க்கப் போயிருந்து முந்தின நாள்தான் ஊர் திரும்பியிருந்தார். வந்த விஷயத்தைச் சொன்னேன். குளம், மேற்குக் கரை, நாற்பது அடிச் சுவர்.

"ஆமா, பொம்பளைய எல்லாம் அதத்தான் ஒரே பேச்சாப் பேசுதாவ. நான் ஊர்ல இல்லாதப்ப ஒரு டீச்சர் ரெண்டு மூணு தடவ வந்துட்டுப் போனாவளாமே. அவிய அனுப்புன ஆளா நீங்க?"

பதில் சொல்ல அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. கொஞ்சம் தயங்கியிருந்தாலாவது நான் அவ்வளவு மோசமில்லை என்று சொல்லிக்கொள்ளலாம்.

"ஆமா" என்றேன்.

கடிதத்தில் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்திக் கொடுத்தார். கலர் வாங்கிவரச் சொல்லிக் குடிக்கக் கொடுத்தார். குளத்தைப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டேன். பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தேன், தண்ணீர் கிடந்தது. அவ்வளவுதான் பார்த்தேன்.

அந்தத் தடவை விண்ணப்பம் என் கையில் ஓடியது. தேவை என்ற கட்டத்தில், விளையாடப் போன பிள்ளைகள் கால் வழுக்கி விழுகிறார்கள், தாய்மார்கள் வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றெல்லாம் எழுதினேன். அந்தக் குளத்தில் எந்தப் பிள்ளையும் விழுந்ததில்லை. நான்தான் விழவைத்தேன். கல் பஞ்சாயத்து தருவதாகவும், சிமெண்டு ராஜபாளையத்து மில்காரர் ஒருவர் தருவதாகவும் கடிதம் இணைத்தேன். இரண்டு மாதத்தில் நிதி ஒதுக்கி உத்தரவு வந்தது. முதல்வர் "ஏமம்மா" என்று ஆரம்பித்துவிட்டு, மேற்கொண்டு கேலி பண்ண ஒன்றும் இல்லாமல் கை குலுக்கினார். நாலு வருஷத்தில் அன்றைக்குத்தான் எனக்கு வயிறாரச் சாப்பிட முடிந்தது.

அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது, ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் நின்றதும் நான் கைப்பையைப் பக்கத்து இருக்கையில் வைத்தேன். அவள் ஏறி வந்து, அதை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, உங்களுக்குக் கிடைச்சதுல எனக்கு ரொம்ப சந்தோஷம்" என்றாள். அவள் முகத்தில் கள்ளத்தைத் தேடினேன், கிடைக்கவில்லை. பஸ் கிருஷ்ணன்கோவிலைத் தாண்டியது. பிறகு அவள்தான் கேட்டாள்.

"சுவர் எம்புட்டு உயரம் போட்டிருக்கீங்கக்கா?"

"வேண்டிய உயரம் போட்டிருக்கு."

"இல்லக்கா, அங்கன உள்ள பொம்பளைங்ககிட்ட ஒரு தடவ பேசிட்டு ஆரம்பிங்க. செத்த நேரம் உக்காந்து கேட்டாப் போதும், அவங்களே எல்லாம் சொல்லுவாங்க."

எனக்குச் சுருக்கென்றது. முகாம் என்னுடையது. கிராமம் என் பக்கத்தது. அதிலும் இவளே பாடம் எடுக்கிறாள். "மூணு வருஷம் நடத்தினா மத்தவங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு ஆயிருமா?" என்று கேட்டுவிட்டேன். அவள் மதுரை வரை பிறகு வாய் திறக்கவில்லை. எனக்கு அது வெற்றியாக இருந்தது.

டிசம்பர் விடுமுறையில் முகாம் ஆரம்பித்தது. அந்த ஊர் எங்களைத் தாங்கிய மாதிரி எந்த ஊரும் யாரையும் தாங்கியிருக்காது. நாங்கள் தங்கிய பள்ளிக்கூடத்துக்கு முன்னால் தினமும் முருங்கைக்கீரையும் மொச்சையும் தேங்காயுமாக வந்து குவிந்தன. முதல் நாள் கல் சுமக்க என் மாணவிகள் வரிசையாக நின்றபோது, களையெடுக்கப் போக வேண்டிய பெண்கள் முப்பது பேர் வேலைக்குப் போகாமல் வந்து வரிசையில் நடுநடுவே நின்றுகொண்டார்கள். கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவளுடைய முகாம்களில் இப்படி நடந்ததாக எந்த அறிக்கையிலும் இல்லை.

மூன்றாம் நாள்தான் தெரிந்தது. வரிசையில் எனக்கு அடுத்து நின்றவள் அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள், இருபத்திரண்டு வயது இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் கல்லூரியில் அவளிடம் படித்த பெண், அவளுடைய முகாம்களில் கல் சுமந்தவள். குளிக்கிற கஷ்டத்தை அவளுக்குக் கடிதமாக எழுதியதே இந்தப் பெண்தான் என்று பின்னால் அறிந்தேன். கல்லைக் கை மாற்றிக்கொண்டே சொன்னாள்:

"எங்க டீச்சர் லெட்டர் போட்டிருந்தாவ. 'என்னோட அக்கா ஒருத்தர் வாராங்க, அவங்களும் நானும் வேற இல்ல, ஊர்ல எல்லாரையும் கூட்டிட்டுப் போய் நில்லு'ன்னு எழுதியிருந்தாவ. அத வீடு வீடா வாசிச்சுக் காட்டினேன் டீச்சர்."

கல் என் கையில் கனத்தது. கீரை, மொச்சை, கூலியை விட்ட முப்பது பேர், எல்லாமே அவளுக்கு வந்தவை. நான் தலைவரிடம் சொன்ன பொய் அவள் காதுக்குப் போயிருக்கிறது. அவள் அதை மறுக்கவில்லை. தன் விண்ணப்பத்தைப் போடாமல் வைத்துக்கொண்டு, என் பொய்யை உண்மை என்று எழுதியும் அனுப்பிவிட்டாள். எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். நான் நடத்துகிற ஒரே முகாமிலும் அவள் வந்து உட்கார்ந்துகொண்டாளே என்று வந்த கோபம். அந்தப் பெண்ணிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசாமல் நான் வரிசையின் அந்தக் கோடிக்குப் போய்விட்டேன். அன்றைக்கு அவள் பக்கத்திலேயே நின்றிருந்தால் அவளே எனக்கு எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள்.

எட்டாம் நாள் கொத்தனார் சுவரின் மேல் மட்டத்தைச் சிமெண்டு போட்டுத் தேய்த்தார். பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அந்தப் பெண்தான் என்னிடம் வந்தாள்.

"டீச்சர், இன்னும் எம்புட்டு ஏறும்?"

"ஏறாதும்மா. முடிஞ்சிருச்சு."

அவள் சிரித்தாள், நான் விளையாடுகிறேன் என்று நினைத்து. பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் போய் மேல் படியில் நின்றாள். இடுப்புக்கு மேலே அவள் முழுவதும் தெரிந்தாள். அவளுக்குப் பின்னால் தண்ணீர், எனக்குப் பின்னால் டீக்கடை பெஞ்சு. அங்கிருந்து யாரோ இருமினார்கள். எனக்குப் புரிந்துவிட்டது. யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சிமெண்டு தீர்ந்திருந்தது. மில்காரரிடம் கேட்டிருந்தால் இன்னும் பத்து மூட்டை அனுப்பியிருப்பார். கல்லுக்கும் பஞ்சமில்லை. நான் கேட்கவில்லை. உத்தரவில் மூன்றடி என்று இருந்தது. நிறைவு விழாவுக்கு அதிகாரிகளைக் கூப்பிட்டாகிவிட்டது. எல்லாவற்றையும்விட, ஆறடி ஆக்க வேண்டுமென்றால் ஏன் என்று எழுத வேண்டும். எழுதினால் அவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை என்று ஆகிவிடும். "அனுமதி இவ்வளவுக்குத்தாம்மா" என்றேன்.

"பரவால்ல டீச்சர்" என்றாள் அந்தப் பெண். என்னைத் தேற்றுகிற குரலில் சொன்னாள். "பொறவு எங்க டீச்சர் வருவாவ. அவிய பாத்துக்கிடுவாவ."

நிறைவு விழாவில் என் மாணவிகள் சுவரின் மேல் வரிசையாக உட்கார்ந்து புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள். உட்காருவதற்கு அளவெடுத்துக் கட்டினது மாதிரி இருந்தது அந்த உயரம். எங்கள் வண்டி கிளம்பியபோது, டீக்கடை பெஞ்சில் இருந்த ஆண்கள் நாலு பேர் கிளாசோடு எழுந்து வந்து, மாணவிகள் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தார்கள். கால் இரண்டும் குளத்துப் பக்கம் தொங்கின.

அந்தப் புகைப்படத்தைப் பல்கலைக்கழகத்தில் பெரிதாக்கி மாட்டினார்கள். அந்த வருஷம் மாதிரி விண்ணப்பம் என்று வாசித்தது என்னுடையதை. தவறி விழும் பிள்ளைகள், நெஞ்சைப் பிடித்த தாய்மார்கள். மூன்று வரிசைக்கு முன்னால் அவள் தலை தெரிந்தது. வாசித்து முடித்ததும் அவளும் கை தட்டினாள். நாலு வருஷமாக நான் கேட்க ஏங்கிய சத்தம் அது. சீக்கிரம் நின்றால் தேவலை என்று இருந்தது.

ஒரு கல்லூரி வேலை செய்த கிராமத்தில் அடுத்த கல்லூரி வேலை செய்ய வேண்டுமானால், முதல் கல்லூரியின் அலுவலர் ஆட்சேபமில்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். அடுத்த வருஷம் அவளிடமிருந்து அந்தப் படிவம் தபாலில் வந்தது. பணி: ஏற்கெனவே கட்டிய சுவரை மேலும் மூன்றடி உயர்த்துதல். காரணம் எழுதும் கட்டம் காலியாக இருந்தது. எனக்குச் சங்கடம் வேண்டாம் என்று விட்டிருக்கிறாள். அந்தக் காலிக் கட்டத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வந்தது. மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். நாளைக்குப் போடலாம், நாளைக்குப் போடலாம் என்று இருந்தேன். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் எது என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

கடைசி நாள் முடிந்து இரண்டு நாள் கழித்து அவள் நேரில் வந்தாள். ஆசிரியர் அறையில் மத்தியானம் நான் மட்டும் இருந்தேன். எதிரில் உட்கார்ந்து, "தண்ணி குடுங்கக்கா" என்று வாங்கிக் குடித்தாள். பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"டைப் அடிக்கிறவரு அப்பவே சொன்னாரு, கார்பன் ஒண்ணு குறையுது, உங்க தாளோட போயிருக்கும்னு. ரெண்டாம் பக்கம் உங்ககிட்ட இருக்குல்லக்கா? இது மொதப் பக்கம்."

குரலில் குத்தல் இல்லை. வேண்டுமென்றே நிதானமாக நான் படித்தேன், அவள் முகத்தைப் பார்க்காமல் இருக்கலாம் என்பதற்காக. அந்தப் பெண்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருந்தாள். சேலை பிடித்து நின்று கை கடுப்பதை ஒருத்தி சொல்லியிருந்தாள். பஸ் ஹாரன் கேட்டால் தண்ணீருக்குள் முங்கிக்கொண்டு, போன பிறகு எழுவதை இன்னொருத்தி சொல்லியிருந்தாள். வயதுக்கு வந்த பிறகு மகள் குளிக்கும்போதெல்லாம் கூடவே நிற்பதாக ஒரு தாய் சொல்லியிருந்தாள். படித்து முடித்ததும் எனக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? என்ன அருமையாக எழுதியிருக்கிறாள் என்பதுதான். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம் வந்தது.

"இப்ப எப்படி இருக்காங்க?" என்று கேட்டேன்.

"சுவர் மேல ஆம்பிளைங்க உக்காந்துக்கிடுதாங்க. அதனால அங்கன யாரும் குளிக்கப் போறதில்ல. வயக்காட்டுப் பம்புசெட்டுக்கு ஒன்றரை மைல் நடக்காங்க. மோட்டார் ஓடினாத்தான் குளியல்."

இழுப்பறையைத் திறந்து படிவத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். காரணம் எழுதும் கட்டத்தையும் என் கையாலேயே நிரப்பினேன். முதல் சுவரின் உயரம் ஊரைக் கேட்காமல் முடிவு செய்யப்பட்டது என்று எழுதினேன். அவள் வாங்கிப் படித்துவிட்டு, "இது அடுத்த வருஷத்துக்குத்தான் ஆகும்க்கா, பரவால்ல" என்று மடித்து வைத்துக்கொண்டாள். அந்த வருஷ நிதி வேறு ஒரு கல்லூரிக்குப் போனது. என் இழுப்பறையால் அந்த ஊர்ப் பெண்கள் இன்னும் ஒரு வருஷம் பம்புசெட்டுக்கு நடந்தார்கள்.

மறு வருஷம் அவள் முகாம் நடத்தினாள். நான் என் மாணவிகள் இருபது பேரை உதவிக்கு அனுப்பினேன். நான் போகவில்லை. போயிருந்தால் அவள் எல்லோர் முன்னாலும் என்னை அக்கா என்று கூப்பிட்டு நடுவில் உட்கார வைப்பாள். அதைத் தாங்க எனக்குத் தெம்பில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், என் மாணவி ஒருத்தியின் கல்யாணத்துக்காக அந்த ஊருக்குப் போகவேண்டி வந்தது. பந்தலில் அந்தப் பெண் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள் ஆகியிருந்தார்கள். சாப்பிட்ட பிறகு, "வாங்க டீச்சர், கொளத்தப் பாத்துட்டுப் போங்க" என்று கூட்டிக்கொண்டு போனாள். சுவர் தலைக்கு மேலே நின்றது. பாதி உயரத்தில் ஒரு கோடு, கீழே ஒரு நிறம், மேலே ஒரு நிறம். டீக்கடை இருந்தது, பெஞ்சு இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் துணி துவைக்கிற சத்தமும், யாரையோ யாரோ "ஏட்டி, சோப்ப எங்க வச்ச" என்று வைகிற சத்தமும், அதற்கு நாலைந்து பேர் சிரிக்கிற சத்தமும் கேட்டன. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரியக்கூடாதுதான்.

குளித்துவிட்டு ஒருத்தி ஈரத் தலையோடு வெளியே வந்தாள். என்னைப் பார்த்துவிட்டு, "இவிய யாரு?" என்று கேட்டாள்.

"தெரியலையா? கீழ்ச்சுவரு கட்டினாவள்லா, அந்த டீச்சர். நம்ம டீச்சர் அனுப்பி வந்தாவளே" என்றாள் அந்தப் பெண். பிறகு என் பக்கம் திரும்பி, "அப்பிடித்தானே டீச்சர்?" என்றாள்.

இத்தனை வருஷத்தில் என் பொய்யைப் பற்றி இவர்களுடைய டீச்சர் இவர்களிடம் வாய் திறக்கவே இல்லை.

"ஆமா" என்றேன். இந்தத் தடவை கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டேன்.

ஈரத் தலைக்காரிக்கு முகம் மலர்ந்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டாள். சுவரைப் பற்றியோ என்னைப் பற்றியோ ஏதாவது சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"எங்க டீச்சர் சொகமா இருக்காவளா?" என்று கேட்டாள்.

பழைய இடத்தில் மறுபடியும் சுருக்கென்றது. சுகமாக இருக்கிறாள் என்று சொன்னேன்.